ஏழு குட்டிகளை மணலில் அடுக்கிப் படம் எடுத்தவர்களுக்கு

பெங்களூரிலிருந்து சனி ஞாயிறுகளில் அலைச்சறுக்குப் பலகையில் அலையேறப் போகும் நம் குழுவின் நிர்வாகிகளான அண்ணன்கள் இருவருக்கும் அக்காவுக்கும்,

போன ஞாயிறு மதியம் குழுவில் நீங்கள் போட்ட படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஏழு சுறாக் குட்டிகள், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்தான் இருக்கும், தலையெல்லாம் ஒரே பக்கமாக மணலில் அடுக்கியிருக்கிறது, பின்னால் நம் பலகைகள் வரிசையாக நட்டு நிற்கின்றன. "இனி தைரியமா இறங்கலாம்" என்று கீழே எழுதியிருந்தீர்கள். நாற்பது பேருக்கு மேல் கைதட்டியிருந்தார்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மல்லாக்கக் கிடந்த இரண்டு குட்டிகளின் வயிற்றில், முன் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே, சின்னதாக ஒரு கீறல் தெரிகிறது. கத்தி பட்ட காயம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது தொப்புள். இன்னும் மூடாத தொப்புள். பிறந்து சில நாளோ சில வாரமோ ஆன குட்டிகள் அவை.

இதைக் குழுவிலேயே எழுதினேன், ஒரு மணி நேரத்தில் நீக்கப்பட்டது. மறுபடி எழுதினேன், "உணர்ச்சிவசப்படாதீங்க, எல்லாரோட பாதுகாப்புக்காகத்தான்" என்று தனியாக ஒரு பதில் வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்று குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் தெரிய வேண்டும். அக்டோபர் முதல் சனிக்கிழமை சாயங்காலம், உடுப்பிக்குத் தெற்கே நாம் வழக்கமாகப் போகும் கரையில், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சுறாவுடையது மாதிரி ஒரு துடுப்பு தெரிந்தது. அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். நானும் தண்ணீரில்தான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. யாரையும் எதுவும் தொடவில்லை, எல்லோரும் கரையேறினோம். அடுத்த வாரம் அல்சூரில் கூடிய கூட்டத்தில், மொத்தம் அறுபத்து மூன்று பேர் உள்ள குழுவில் வெறும் பதினோரு பேர் உட்கார்ந்து மூன்று முடிவு எடுத்தீர்கள். அவசர மருத்துவத்துக்கு என்று எங்களிடம் வாங்கி வைத்திருந்த பணத்திலிருந்து 14,000 ரூபாய் கொடுத்து, வேறு ஊர்ப் படகு ஒன்றைப் பிடித்து முகத்துவாரத்தில் வலை போடச் சொன்னது ஒன்று. அந்தக் கரையை ஒட்டி நிரந்தரமாகச் சுறா வலை கட்ட வேண்டும் என்று அரசு அலுவலகத்துக்கு மனு எழுதி எங்களிடம் கையெழுத்துக் கேட்பது இன்னொன்று. அப்புறம், நமக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த ஊர்ப் பையனுடைய கட்டணத்தில் ஆறாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டது. "சுறா இருக்குன்னு நீ சொல்லலை" என்பது அவன்மீது நீங்கள் வைத்த குற்றம்.

இந்த மூன்றையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் எந்த ஊர்க்காரி என்று உங்களில் பலருக்குத் தெரியாது, நாகர்கோவில் பக்கம் என்று மட்டும் சொல்லியிருப்பேன். குமரி மாவட்டத்தில் தூத்தூர். சுறா பிடிப்பதற்கென்றே பெயர் போன ஊர். என் அப்பா கொச்சி தோப்பும்படி துறைமுகத்திலிருந்து முப்பத்தோரு வருஷம் ஆழ்கடலுக்குப் போனவர், ஒரு தடவை போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். நீளமான கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டி இறக்கி, லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் வரை சுறா பிடித்தார்கள். நான் படித்தது, பெங்களூருக்கு வந்து வேலையில் சேர்ந்தது எல்லாம் சுறா விற்ற காசில்தான். 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியை அரசு நிறுத்தியபோது எங்கள் வீட்டில் அடுத்த மாதச் செலவை எண்ணி உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே சுறாவைப் பிடிக்கவே கூடாது, தின்னவே கூடாது என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. என் அம்மா என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்த வீட்டில் பால் சுறாப் புட்டு செய்து கொடுத்ததை நான் சாப்பிட்டவள்.

எங்கள் ஊரில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. கரை வரைக்கும்தான். கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தும் எனக்கு அப்போது நீச்சல் தெரியாது. இருபத்தேழு வயதில், கடலே இல்லாத இந்த ஊரிலிருந்து, மடிவாளாவில் ராத்திரி பஸ் ஏறி ஷிராடி மலைப்பாதை வழியாக இறங்கி உங்களோடு வந்துதான் முதன்முதலாக நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றேன். அக்கா, அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு, அதனால்தான் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுகிறேன்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "மக்களே, எதுக்காகப் போற?" சும்மா, அலையில் நிற்க, பிடித்திருக்கிறது என்றேன். "பிடிச்சுப் போறவுங்க கடல்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. நாங்க வயித்துக்குப் போனோம், அதுவும் வயித்துக்கு வந்துது, அது ஒரு கணக்கு. உனக்கு அந்தக் கணக்கு கிடையாது." எனக்கு அப்போது அது பாதிதான் புரிந்தது. உங்கள் படத்தைப் பார்த்தபோது முழுதாகப் புரிந்தது.

எங்கள் கரையில் யாராவது இறந்தால் மணி அடிக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது எத்தனை நாள் அந்த மணி அடித்தது என்பதை இங்கே எழுத என்னால் முடியாது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று தெருத்தெருவாகப் படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களை எடுத்தது புயலும், நேரத்துக்கு வந்து சேராத எச்சரிக்கையும். தலைமுறை தலைமுறையாகச் சுறாவோடு மல்லுக்கட்டிய ஊரில் நான் கேள்விப்பட்ட சுறாக் கடி எல்லாமே படகுத் தட்டில் நடந்தது, தூண்டிலைக் கழற்றும்போது கையில் பட்டது. அப்பாவின் கூட்டாளி ஒருவருக்கு இரண்டு விரல் இல்லை. அவர்கூட, பிடிக்கப்பட்ட மிருகம் கடிக்காமல் என்ன செய்யும் என்றுதான் சொல்வார்.

எனக்குப் பயம் இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோவளத்தில், சென்னைக் கோவளத்தைச் சொல்கிறேன், அலைக்காகக் காத்துப் பலகைமேல் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கீழே என்னைவிட நீளமாக ஒன்று மெதுவாகப் போனது. சுறாவா, வேறு ஏதாவதா, இன்றுவரை தெரியாது. இரண்டு காலையும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு, வாயில் உப்புக் கரிக்க, அம்மா கற்றுக் கொடுத்த ஜெபத்தை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தால் முட்டி நடுங்குகிறது. மறுநாள் காலையில் இறங்கவில்லை, கரையிலேயே இருந்தேன். அதற்கு மறுநாள் இறங்கினேன். பயந்தால் இறங்காமல் இருக்கலாம் என்ற உரிமை நமக்கு எப்போதும் கையிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு அது இருந்ததில்லை.

இப்போது அந்தப் பையன் விஷயம். "சொல்லவில்லை" என்கிறீர்கள். துடுப்பு தெரிந்த அன்று மதியம் மூன்று மணிக்கு, பலகை வைக்கும் கொட்டகையில், அவன் "சஞ்சே பேட" என்று இரண்டு தடவை சொன்னான், சாயங்காலம் வேண்டாம் என்று. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் நானே அதைத் தமிழில் உங்களுக்குச் சொன்னேன். முந்தின நாள் மழை, ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, முகத்துவாரத்தில் சின்ன மீன் துள்ளிக்கொண்டிருந்தது, கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். கலங்கல் தண்ணீர், சாயங்காலம், ஆற்று முகம், மீன் கூட்டம். இந்த நாலும் சேர்ந்த இடத்தில் பெரிய மீன் சின்ன மீனைத் தேடி வரும் என்பது கடற்கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை லீவு போட்டு வந்தாயிற்று, ஞாயிறு திரும்ப வேண்டும், ஆகவே இறங்கியே ஆக வேண்டும் என்று சொன்னது நாம். அவனுடைய பேச்சைக் கேட்காமல் போய்விட்டு அவன் கூலியில் கை வைத்திருக்கிறோம். எனக்கு இதில்தான் வெட்கம் அதிகம்.

அந்தக் குட்டிகள் ஏன் அங்கே இருந்தன என்பதும் அவனுக்குத் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பல வகைச் சுறாக்கள் குட்டி போடுவதற்கென்றே முகத்துவாரத்துக்கும் ஆழமில்லாத கரைக்கும் வருகின்றன, பெரிய சுறாக்கள் அவ்வளவாக வராத இடம் என்பதால். சுறா மற்ற மீன் மாதிரி லட்சம் முட்டை இடுகிற ஜாதி கிடையாது. கருமுனைச் சுறாவை எடுத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு மாதம் வயிற்றில் சுமந்து, பெரும்பாலும் நாலிலிருந்து ஏழு குட்டி போடும், பல இடங்களில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான். நீங்கள் அடுக்கி வைத்தது ஒருவேளை ஒரே தாயின் மொத்தப் பிரசவமாக இருக்கலாம். நாம் பார்த்த துடுப்பு அந்தத் தாயுடையதா, அல்லது அந்தக் கரையில் அடிக்கடி வரும் ஓங்கலுடையதா, அதாவது டால்பினுடையதா என்றுகூட யாரும் கேட்கவில்லை. முழங்கை நீளக் குட்டி மனிதரை என்ன செய்யும்? எதை அப்புறப்படுத்தி நம்மைக் காப்பாற்றினீர்கள்?

வலை கட்டச் சொல்லும் மனுவில் ஆஸ்திரேலியாவைக் காட்டியிருக்கிறீர்கள். சரி, ஆஸ்திரேலியாவையே பார்ப்போம். நியூ சவுத் வேல்ஸில் 1937-லிருந்து சுறா வலை போடுகிறார்கள். அந்த வலை 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம், கரையை மூடிக் கட்டிய வேலி கிடையாது, கடலுக்குள் தனியாகத் தொங்கும் ஒரு துண்டு. சுறா அதன் மேலாலும் கீழாலும் ஓரத்தாலும் வரும், போகும். மாட்டுவது ஆமை, திருக்கை, ஓங்கல், அப்புறம் யாரையும் கடிக்காத சுறாக்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2014-ல் அரசு மிதவையில் தூண்டில் கட்டிக் கடலில் போட்டது. மூன்று மாதத்தில் 172 சுறா மாட்டியது, அதில் அறுபதுக்கு மேல் செத்தன. ஆனால் மனிதர்களைக் கொன்றதாகச் சந்தேகப்பட்டுத் தேடிய பெரிய வெள்ளைச் சுறா ஒன்றுகூட மாட்டவில்லை. பெர்த் நகரத்துக் காட்டஸ்லோ கரையில் ஆயிரக்கணக்கான பேர் கூடி அதை எதிர்த்தார்கள், அலையேறுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். உங்கள் மனுவில் இது எதுவும் இல்லை.

எல்லா ஊர் அலைச்சறுக்குக்காரர்களும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் 2011-க்கும் 2019-க்கும் இடையில் சுறாவால் 11 பேர் இறந்தார்கள், 2013-ல் பவளத் திட்டுக்கு வெளியே குளிப்பதையும் அலையேறுவதையும் தடையே செய்தார்கள். அங்கே சுறாவைக் கொல்லச் சொல்லிக் கேட்டவர்கள் தங்கள் நண்பர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாம் யாரைத் தூக்கி வந்தோம்? 2015-ல் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பேயில், அலைச்சறுக்குப் போட்டியின் இறுதிச் சுற்றில், உலகமே நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆஸ்திரேலிய வீரர் மிக் ஃபேனிங் பக்கத்தில் பெரிய வெள்ளைச் சுறா வந்தது, காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் கயிற்றையே அறுத்தது. அவர் அடுத்த வருஷம் அதே இடத்துக்குத் திரும்ப வந்து அதே போட்டியை ஜெயித்தார். அலைச்சறுக்கு வீராங்கனை பெத்தானி ஹாமில்டன் 2003-ல் ஹவாயில் பதின்மூன்று வயதில் இடது கையையே புலிச் சுறாவிடம் இழந்தவர், ஒரு மாதத்துக்குள் மறுபடி பலகைமேல் ஏறினார். தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 24 நாடுகளைச் சேர்ந்த 391 அலைச்சறுக்குக்காரர்களிடம் கேட்டதில் 60 சதவீதம் பேர் சுறாவுக்குப் பயப்படுவதில்லை என்றார்கள், 44 சதவீதம் பேர் சுறா தென்பட்டிருந்தாலும் இறங்குவோம் என்றார்கள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, சுறா தென்பட்ட அன்று நான் இறங்க மாட்டேன். யாரும் இறங்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. நாம் இறங்குவதற்காகக் கடலைக் காலி பண்ணச் சொல்வதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

நம் நாட்டில் நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், வைதரணா ஆற்றில், ஒருவரின் காலைச் சுறா கடித்துவிட்டது. ஆற்றுக்குள் ஏறி வரும் காளைச் சுறா. அப்படி ஒன்று நம் முகத்துவாரத்திலும் வரலாம். ஆனால் உலகம் முழுவதும் சேர்த்து, மனிதர் சீண்டாமல் சுறா கடித்ததாக ஃபுளோரிடாவில் கணக்கு வைக்கிறவர்கள் உறுதி செய்தது 2023-ல் 69, 2024-ல் 47. அதில் இறந்தவர்கள் 2023-ல் 10 பேர், 2024-ல் 4 பேர். அதே கர்நாடகக் கரையில், 2024 டிசம்பரில், முருடேஷ்வரில் ஒரே நாளில் கோலார் மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்த நான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகளை அலை இழுத்துக்கொண்டு போனது. நம் குழுவிலேயே போன வருஷம் இழுப்பு நீரோட்டத்தில் மாட்டி இரண்டு பேர் முந்நூறு மீட்டர் தள்ளிப் போனதை மறந்துவிட்டீர்களா? அவர்களை இழுத்து வந்தது அந்தப் பையன். அன்றைக்கு முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் காலாவதியான களிம்பு ஒன்றும் பாதி பஞ்சும் இருந்தது. அதை நிரப்பத்தான் அந்த 14,000 ரூபாய்.

அப்பாவின் கடைசிப் பயணங்களில் இருபது நாள் போய்விட்டு முன்பு இரண்டு நாளில் பிடித்ததைக் கொண்டுவந்தார்கள். 1970-லிருந்து கணக்குப் பார்த்தால் உலகின் திறந்த கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021-ல் ஆய்வாளர்கள் சொன்னதைப் படித்துக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அதுல எங்க கையும் உண்டு மக்களே" என்றார். சுறாவை விற்றுப் பிள்ளை வளர்த்தவர் அதைச் சொல்லும்போது குரல் கம்மியது. நாம் எதற்காக அந்த ஏழு குட்டிகளையும் கொன்றோம் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வது?

நான் கேட்பது இவை. முதலில் அந்தப் படத்தைக் குழுவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். மாதம் முந்நூறு ரூபாய் "பாதுகாப்பு நிதி" என்று இனி சுறா பிடிக்க வசூல் செய்யக் கூடாது, ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். எடுத்த 14,000 ரூபாயை மருத்துவ நிதியில் மறுபடி கட்டுங்கள், முடிவெடுத்த பதினோரு பேரும் பங்கு போட்டால் பெரிய தொகை இல்லை. வலை மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், என் கையெழுத்து அதில் இருக்காது, இன்னும் பதினேழு பேர் போட மாட்டோம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எப்போது இறங்கலாம், எப்போது வேண்டாம் என்பதை அந்தப் பையனும் அந்த ஊர் மீனவர்களும் சொல்லட்டும். மழைக்கு மறுநாள், விடிகாலை இருட்டு, சாயங்காலம், முகத்துவாரம், வலை இழுக்கும் நேரம், இவற்றில் அவர்கள் வேண்டாம் என்றால் லீவு வீணானாலும் கரையில் உட்காருவோம் என்று விதியாக எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி வையுங்கள். ரத்தம் கொட்டினால் காயத்தை எப்படி அழுத்துவது, லீஷ் கயிற்றாலேயே காயத்துக்கு மேலே எப்படி இறுக்கிக் கட்டுவது, அங்கிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எந்த வழி என்று அறுபத்து மூன்று பேருக்கும் தெரிய வேண்டும். சுறாக் கடிக்கும் அது உதவும், பலகையின் துடுப்பு தொடையைக் கிழித்தாலும் உதவும்.

அந்தப் பையனுடைய ஆறாயிரம் ரூபாயைத் தபாலிலோ போனிலோ அனுப்பாமல், மூன்று பேரும் நேரில் போய்க் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள். இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் நான் போகிறேன், நீங்கள் வருவதாக இருந்தால் மடிவாளாவில் பத்து மணிக்குள் சொல்லுங்கள், மொழி தடையாக இருந்தால் நான் பக்கத்தில் நின்று கன்னடத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் ஆறு வருஷமாக இருக்கும் தூத்தூர்க்காரி